மரத்தளத்துக்கு வருவது அழுகலா, மக்கலா?

குழுவினருக்கு வணக்கம்.

இராமநாதபுரம் கடற்கரை வீடுகளின் திறந்தவெளி மரத்தளங்களுக்கான கையேட்டு வரைவில் ‘மர அழுகல்’ என்று வந்திருக்கிறது. அதற்குப் பதிலாக ‘மக்கல்’ என்று வைக்க முன்மொழிகிறேன். மீனும் பழமும் அழுகும். குழைந்து நீர் விடும், நாறும். மரத்துக்கு நேர்வது வேறு. பூஞ்சை உள்ளே புகுந்து நாரைச் செரிக்கிறது. பலகை எடை குறைந்து, நிறம் மாறி, கடைசியில் கையால் பிட்டால் உதிர்கிறது. குப்பைக்குழியில் இலையும் சுள்ளியும் மக்குவது இதே வேலைதான். ‘பலகை மக்கிப்போச்சு’ என்பது ஏற்கெனவே வாயில் புழங்கும் பேச்சு.

சொல்லில் கண்டிப்பு வேண்டும் என்று கேட்பதற்குக் காரணம் உண்டு. பலகை எப்படிக் கெட்டாலும் ‘செல்லரிச்சிருச்சு’ என்று கறையான் மருந்தை ஊற்றிவிடுகிறார்கள். செல்லரித்திருந்தால் மண்பூச்சு இருக்கும். வண்டு துளைத்து உளுத்திருந்தால் சிறு துளையும் மாவுபோன்ற தூளும் இருக்கும். கடலுக்குள் நிற்கும் மரக்காலைத் துளைப்பது கடல்புழு. கரைமேல் இருக்கும் தளத்துக்கு அது வராது. இவை எதுவும் இல்லாமல், கூரான ஊசியால் குத்தி நெம்பும்போது சிம்பு நீளமாகக் கிளம்பாமல் குட்டையாக முறிந்தால், அதுதான் மக்கல். கறையான் மருந்து அதைத் தடுக்காது.

---

> ‘மக்கல்’ என்று வைக்க முன்மொழிகிறேன்

வணக்கம் ஐயா. ‘இற்றல்’ என்பதையும் எடைபோட்டுப் பார்க்க வேண்டும். ‘இத்துப்போச்சு’ என்றும்தானே சொல்கிறோம்? ஆனால் கயிறும் இற்றுப்போகும், தகரமும் இற்றுப்போகும். அது முடிவைச் சொல்கிறதே தவிர, எதனால் என்பதைச் சொல்லவில்லை. ‘மக்கல்’ கிளைச்சொல்லுக்கும் இடம் தருகிறது: கட்டம் கட்டமாக வெடித்துப் பழுப்பாவது பழுப்பு மக்கல், நார்நாராக வெளுப்பது வெண்மக்கல், எந்நேரமும் நனைந்த மரத்தின் மேற்பரப்பு குழைவது மென்மக்கல். என் வாக்கும் இதற்கே.

ஒரு சொல்லை மட்டும் வரைவிலிருந்து நீக்கியே ஆக வேண்டும்: ‘உலர் அழுகல்’. ‘dry rot’ என்ற ஆங்கிலப் பெயரை அப்படியே பெயர்த்தது அது. ஆங்கிலத்திலேயே பிழையான பெயர். உலர்ந்த மரம் மக்காது. அந்தப் பெயரால் குறிக்கும் பூஞ்சையும் குளிர்நாட்டு வீடுகளுக்கு உரியது.

‘கடற்காற்றின் ஈரத்தால் மரம் கெடுகிறது’ என்ற வரியும் தவறு. காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காடு இருந்தாலும் மழைபடாத மரத்தின் ஈரம் ஏறத்தாழ 16 விழுக்காட்டில் நின்றுவிடும். மக்கல் தொடங்க 28, 30 விழுக்காடு வேண்டும். நீர்மமாகத் தண்ணீர் புகுந்து, வெளியேற வழியின்றி நின்றால்தான் அந்த அளவு வரும். ஈரக்காற்று செய்யும் கெடுதல், நனைந்த மரத்தை விரைவில் காயவிடாமல் வைப்பது. ஆகவே தண்ணீர் இப்படி மாட்டிக்கொள்ளும் இடத்துக்கும் ஒரு சொல் வேண்டும். ‘ஈரத்தங்கல்’ சரிவருமா?

---

> ‘ஈரத்தங்கல்’ சரிவருமா?

நன்றாக வரும். கையேட்டின் பாதியை இந்த ஒரு சொல்லின்கீழ் எழுதிவிடலாம். முதல் ஈரத்தங்கல் பலகைக்கும் தாங்குசட்டத்துக்கும் இடையே உள்ள ஒட்டு. சட்டத்தின் மேல்முகத்தில் தார் ஒட்டுப்பட்டையை இருபுறமும் சற்று மடிந்து தொங்கும்படி ஒட்டினால் திருகாணித் துளைவழி நீர் இறங்காது. அடுத்தது அறுத்த முனை. மரத்துக்குள் நீர் குறுக்கே போவதைவிட நார்வழியே பன்மடங்கு வேகமாக ஓடும். அதனால் அறுத்த கையோடு முனைக்கு மருந்தும் மெழுகுப்பூச்சும் கொடுக்க வேண்டும்; பலகையைப் பொருத்திய பிறகு தூரிகை அங்கே எட்டாது. மண்ணில் நட்ட கால் மூன்றாவது. காலைக் கான்கிரீட் திட்டின்மேல் இரும்புக் காலணியில் (அடித்தாங்கியில்) நிறுத்தி, தளத்தின் அடியில் 15 செ.மீ.க்குக் குறையாமல் காற்றோட வழி விடுங்கள்.

பலகை இடைவெளியைப் பற்றி அழுத்தி எழுத வேண்டும். தோணி கட்டும் பழக்கத்தில் இடுக்கில் பஞ்சு திணித்து அடைத்துவிடுகிறார்கள். தோணிக்கு அது உயிர். மழையில் கிடக்கும் தளத்துக்கு அது கேடு. 25 மி.மீ. கனமுள்ள உலர்ந்த பலகைக்கு 5, 6 மி.மீ. இடைவெளி விட்டு, அதில் சேரும் மணலையும் வேப்பஞ்சருகையும் அவ்வப்போது கிளறி எடுத்தால் போதும். திருகாணி 316 ரகத் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். 304 உப்புக்காற்றில் பழுப்புக் கறை ஏறிவிடும். முன்துளை போட்டு, தலை பலகையோடு சமமாக நிற்கும்வரை மட்டும் முறுக்குங்கள். ஆழமாக இறக்கினால் ஒவ்வொரு தலையும் ஒரு குழி, ஒரு ஈரத்தங்கல். தேக்கில் இரும்பாணியைச் சுற்றி வரும் கருங்கறை மக்கல் அல்ல என்றும் குறிப்பிடுவோம்.

மரத்தின் நடுவில் உள்ள கெட்டிப்பகுதிக்கு ‘வைரம்’, அதைச் சுற்றியுள்ள வெளிர்ப்பகுதிக்கு ‘வெளிறு’ என்ற சொற்களை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். தேக்கே ஆனாலும் வெளிறு மக்கும். பனைக்கு மட்டும் விதிவிலக்கு எழுத வேண்டும்: அதன் வைரம் வெளிப்புறத்தில், உள்ளே மென்மையான சோறு. கூரைக்குள் நிற்கும் பனஞ்சட்டத்தை அறுத்துத் திறந்தவெளியில் போட்டால் சோற்றுப்பகுதி முதலில் மக்கும்.

---

மருந்துப் பகுதிக்கு ஒரு திருத்தம். வெண்காரமும் போரிக் அமிலமும் கலந்த கரைசல் பூஞ்சைக்கும் பூச்சிக்கும் நல்லது, ஆனால் மழையில் கரைந்து போய்விடும். மேலே நீர்விலக்கி எண்ணெய் இல்லாமல் வெளித்தளத்துக்குப் பரிந்துரைக்கக் கூடாது. வார்னிஷ் வேண்டாம். வெயிலில் வெடித்து, வெடிப்புவழி உள்ளே போன நீரைப் படலமே பிடித்து வைத்துக்கொள்ளும். வெறும் ஆளிவிதை எண்ணெய் பூசினால் கரும்பூஞ்சணம் படரும், பூஞ்சணக்கொல்லி கலந்ததே தகும். ஆர்செனிக் சேர்ந்த மருந்தேற்றிய மரத்தை, வெறுங்காலோடு நடக்கும் வீட்டுத்தளத்துக்கு நான் ஏற்கமாட்டேன். அதன் துண்டுகளை அடுப்பெரிக்கக் கூடாது என்றும் தடித்த எழுத்தில் போடுங்கள்.

எண்ணெய்ப் பூச்சு புரட்டாசி முடிவதற்குள் ஆகிவிட வேண்டும். வடகிழக்குப் பருவமழை ஐப்பசியில் பிடித்துக்கொண்டால் மரம் காய நாள் கிடைக்காது. பூசும் முன் நல்ல தண்ணீரால் உப்பைக் கழுவி, சில நாள் வெயிலில் காயவிடுங்கள். உப்பு ஈரத்தை இழுத்து வைத்திருக்கும், அதன்மேல் எண்ணெய் இறங்காது.