பாடகி உஷா உதுப்பை நேரில் கேட்டவர்கள் இருந்தால் எழுதுங்கள்

மாம்பலத்துப் பெண்:
அண்ணன் வேலை பார்த்த கம்பெனியின் ஆண்டு விழா. பாடப்போவது உஷா உதுப் என்றதும் அம்மா முகத்தைச் சுளித்தாள். எங்கள் வீட்டில் கிளப் பாட்டு வந்தால் உடனே ரேடியோவின் காதைத் திருகிவிடுவார்கள். 'அஞ்சலி'யில் வந்த 'வேகம் வேகம்' மட்டும் குழந்தைகள் படம் என்பதால் தப்பியது. மேடையில் காஞ்சிபுரம் பட்டு, கை நிறைய வளையல், அந்தப் பெரிய பொட்டு. அதைப் பார்த்ததிலேயே அம்மாவுக்குப் பாதிக் கோபம் தணிந்துவிட்டது. 'ரம்பா ஹோ' பாடும்போது கீழே இறங்கி வந்து மைக்கை ஒவ்வொருவரிடமும் நீட்டிக்கொண்டே போனார். என் முறை வந்தபோது எனக்கு வாயே எழவில்லை. பக்கத்தில் அம்மா, கைப்பையை மடியில் இறுகப் பிடித்தபடி, அடுத்த வரியைச் சுருதி பிசகாமல் பாடினாள். அம்மாவுக்கு இந்தி தெரியாது! வீட்டுக்கு வந்ததும் எங்கே கற்றாய் என்று கேட்டேன். "மாவு கரைக்க வேண்டும்" என்று உள்ளே போய்விட்டாள். இப்போது கேட்பதற்கு அவள் இல்லை. கல்கத்தா கிளப்பில் தொடங்கிய குரல் எங்கள் சமையலறைக்குள் எந்த வழியாக நுழைந்தது?

அண்ணாசாலைக்காரர்:
கல்கத்தாவில் தொடங்கியது என்பது சரியல்ல அம்மா. 1969இல் நம் மவுண்ட் ரோட்டில், சஃபையர் திரையரங்க வளாகத்தில் இருந்த நைன் ஜெம்ஸ் இரவு விடுதியில்தான் தொடங்கினார். கல்கத்தாவின் டிரிங்காஸ் உணவகம் அதற்குப் பின். நான் நைன் ஜெம்ஸில் கேட்டவன். கல்லூரி மாணவன், காசு நண்பனுடையது. கிளப் பாடகி என்றால் முழங்கால் தெரியும் கவுன் என்று நினைத்துப் போயிருந்தோம். வந்தவர் புடவையில் நின்றார். கல்யாண வீட்டுக்குப் போக வேண்டியவர் வழி தவறி வந்துவிட்டார் என்று நண்பன் காதைக் கடித்தான். பாட்டு தொடங்கியதும் நான் பார்த்தது அவரை அல்ல, பின்னால் இருந்த வாத்தியக்காரர்களை. அவர்களில் யாரோ பாடுகிறார் என்றே தோன்றியது. இந்தக் கனத்த குரலுக்காகவே பள்ளியில் பாட்டு வகுப்பிலிருந்து ஒதுக்கப்பட்டவர் என்பதைப் பின்னாளில் படித்தேன். ஊருக்காக அந்தக் குரலை மெலிதாக்கிக்கொள்ளவே இல்லை அவர். அதை நினைத்தால் இன்றும் மனம் நிறைகிறது.

பார்க் தெருப் பழையவன்:
அண்ணாசாலைக்காரர் சொல்லும் ஆண்டு சரி. ஆனால் சில நாள் பாடிய இடத்தையும் ஆளாக்கிய இடத்தையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். கணவர் ஜானி சாக்கோ உதுப்பைச் சந்தித்ததும் டிரிங்காஸில்தான். பொட்டில் வங்காள 'க' எழுத்தை வைத்துக்கொள்பவர் உஷா. அது கொல்கத்தாவின் 'க'. பம்பாயில் பிறந்த தமிழ்ப்பெண் வேறு எந்த ஊருக்கும் அப்படி நெற்றியில் இடம் தரவில்லை. 1980களில் நான் அங்கே வங்கிப் பணியில் இருந்தேன். மேற்கு வங்க இடது முன்னணி அமைச்சர் ஒருவர் உஷாவின் பாட்டைப் பண்பாட்டுச் சீரழிவு என்று சொல்லித் தடை போட, உஷா நீதிமன்றம் போய் வென்றார். என் மேலதிகாரி தடையை ஆதரித்து மதிய உணவு நேரம் முழுக்க வாதாடியவர். தீர்ப்புக்குப் பிறகு உஷாவின் ஒரு குளிர்கால நிகழ்ச்சியில் அந்த மேலதிகாரியைப் பார்த்தேன். எனக்கு முன் வரிசை. சால்வைக்கு அடியில் விரல்கள் தாளம் போட்டுக்கொண்டிருந்தன. மறுநாள் அலுவலகத்தில் அவர் வாய் திறக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

கேசட் பெட்டி:
விமான நிலைய வரிசையில் எனக்கு முன்னால் நின்றார். புடவைக்குக் கீழே ஸ்னீக்கர் ஷூ, அதன் மேல் பட்டுக்கரை தைத்திருந்தது. பேசத் துணிவு வரவில்லை. அவ்வளவுதான் என் கதை.

ஆனால் அவருடைய பழைய கேசட் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எடுத்தவுடன் போட்டுக் கேட்காதீர்கள். கேசட்டின் ஜன்னல் வழியாக நாடாவைப் பாருங்கள்; வெள்ளைப் பொடி தெரிந்தால் பூஞ்சை. அதைப் போட்டால் அடுத்த கேசட்டுக்கும் தொற்றும். நாடாவை அழுத்திப் பிடிக்கும் சிறு பஞ்சுத்துண்டு பசை விட்டு விழுந்திருக்கும். அதனால்தான் குரல் மங்கலாகக் கேட்கிறது, நாடா கெட்டதாக நினைத்துத் தூக்கி எறியாதீர்கள். திருகாணி போட்ட வேறு கூடு வாங்கி நாடாவை அதற்கு மாற்றலாம். முதலில் ஒருமுறை முழுவதும் முன்னும் பின்னும் சுற்றுங்கள். டேப் ரெக்கார்டரில் நாடா உரசும் தலையை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடையுங்கள். ஸ்பீக்கர் பக்கத்தில் அடுக்க வேண்டாம், காந்தம் பாழாக்கிவிடும். கணினியில் ஏற்றிய பிறகும் கேசட்டை வைத்திருங்கள்.

இன்னொன்று, அவர் பாடிய 'ஹரி ஓம் ஹரி'யைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்கிறார்கள். அது எரப்ஷன் குழு பாடிய 'ஒன் வே டிக்கெட்' மெட்டு.

நைரோபியில் இருந்தவள்:
கேசட் பெட்டி ஐயா, மெட்டு எங்கிருந்து வந்தது என்பதை இசையமைப்பாளர் பப்பி லாஹிரியிடம் கேட்டிருக்க வேண்டும், பாடியவரிடம் அல்ல. ஊரார் பாட்டைத் தன் குரலில் பாடுவதுதான் கிளப் பாடகியின் தொழிலே. அதைக் குறையாகச் சொன்னால் அவர் மேடை வாழ்க்கை முழுவதையும் தள்ளிவைக்க வேண்டும்.

அவர் 'மலாய்கா' பாடிக் கேட்டிருக்கிறீர்களா? சுவாஹிலிப் பாட்டு. நைரோபியில் ஒரு டாக்சிக்காரர் அதை ஒலிக்கவிட்டுக்கொண்டே ஓட்டினார். இவர் எங்கள் தமிழ்ப்பெண் என்றேன். கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தார். இந்த உச்சரிப்பு வெளியாளுக்கு வராது, கடற்கரைப் பக்கத்துக்காரியாக இருப்பாள் என்று அடித்துச் சொன்னார். கைபேசியில் படத்தைக் காட்டினேன். புடவையையும் பொட்டையும் பார்த்துவிட்டு, இது வேறு யாரோ என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். இறங்கும்வரை வாதாடியும் அவர் ஒப்புக்கொள்ளவில்லை.