இணையத்தில் கிடைத்த வாசிப்புத் துணைக்கு எப்படி நன்றி சொல்வது?

மழைக்காகிதம்:
நாவல் கைப்பிரதியை அத்தியாயம் அத்தியாயமாக வாசித்துக் குறிப்பு எழுதித் தந்த நண்பர்கள் இருவர். ஒருவர் மதுரை, இன்னொருவர் டொராண்டோவில் இருக்கும் யாழ்ப்பாணத்துக்காரர். இருவருமே இணையத்தில் பழக்கமானவர்கள். காசு என்று பேச்செடுத்தாலே கோபித்துக்கொள்கிறார்கள். புத்தகம் அச்சுக்குப் போகிற நேரம். முன்னுரையில் "நண்பர்களுக்கு நன்றி" என்று ஒரு வரி போட்டால் போதுமா? அடுத்த நாவலுக்கும் அவர்களையே கேட்கலாமா?

பிழைதிருத்தி:
முன்னுரை வரி கடைசி வேலை. அதற்கு முன்னால் அவர்களுக்கு ஒரு கணக்கு ஒப்படைக்க வேண்டும்: சொன்னதில் எதை எடுத்துக்கொண்டீர்கள், எதை விட்டீர்கள், ஏன். நம்மில் பலர் குறிப்புகளை வாங்கிக்கொண்டு "அருமை, மிக்க நன்றி" என்று ஒரு கும்பிடு போட்டு நிறுத்திவிடுகிறோம். ராத்திரி கண்விழித்து வாசித்தவருக்குத் தன் உழைப்பு எங்கே போனதென்றே தெரியாது. வாசிப்புத் துணைகள் சத்தமில்லாமல் கழன்றுகொள்வது பெரும்பாலும் இதனால்தான், சண்டையால் அல்ல.

அரைப்பக்கம் போதும். இந்த மாதிரி: "4ஆம் அத்தியாயத்தில் மாமனார் வாய் திறக்கும்வரை கதை சொல்வது யார் என்று பிடிபடவில்லை என்றீர்கள். முதல் பத்தியிலேயே செல்வியின் பெயரைக் கொண்டுவந்துவிட்டேன். கிணற்றடிக் காட்சி நீளம் என்றீர்கள், அதைக் குறைக்கவில்லை. 11ஆம் அத்தியாயத்தில் அந்த வாளி திரும்ப வருகிறது." எடுக்காததையும் காரணத்தோடு எழுதினால்தான் மதிப்பு. எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டேன் என்று எழுதினால் அவரே நம்பமாட்டார்.

கூகுள் டாக்ஸில் ஒரு சங்கடம். குறிப்பை முடிந்ததாக டிக் அடித்தால் அது பக்கத்திலிருந்து மறைந்துவிடும். அவர் திரும்ப வந்து பார்த்தால் எழுதியதெல்லாம் காணாமல் போனதுபோல இருக்கும். டிக் அடிக்குமுன் ஒரு வரி பதில் எழுதுங்கள். ஏற்கெனவே அடித்திருந்தாலும் ஒன்றும் போய்விடாது, கருத்துப் பட்டியலைத் திறந்தால் எல்லாம் அங்கே இருக்கும்.

கிண்டில்வாசி:
அவர்களும் எழுதுகிறவர்கள்தானே? அமேசானில் அவர்கள் புத்தகத்துக்கு அஞ்சு நட்சத்திரம் போட்டுவிடுங்கள், கணக்கு நேர்.

பிழைதிருத்தி:
வேண்டவே வேண்டாம். எழுதியவரின் நெருங்கிய நண்பர்கள் போடும் மதிப்புரையை அமேசான் விதிகளே ஏற்பதில்லை, கண்ணில் பட்டால் தூக்கிவிடுவார்கள். அது போக, இந்த முதுகு சொறிதலைத் தமிழ் வாசகர் ஒரு மைல் தூரத்திலேயே கண்டுபிடித்துவிடுவார். அவர் புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்கி, வாசிக்கக்கூடிய நாலு பேரிடம் சொல்லுங்கள்.

நல்லூரான்:
டொராண்டோ ஆள் பற்றி ஒண்டு சொல்லுறன். கதையில ஈழத்துப் பாத்திரம் இருந்தா அந்தப் பேச்சைத் திருத்தினது அவராத்தான் இருக்கும். "அவர் நேற்று வந்தவர்" எண்டு நாங்கள் சொன்னா அதோட வசனம் முடிஞ்சுது. தமிழ்நாட்டில மெய்ப்புப் பார்க்கிற ஆள் பயனிலை இல்லையெண்டு நினைச்சு "வந்தார்" ஆக்கிப்போடுவார். "விளங்கேல்லை" என்பதை "விளங்கவில்லை" ஆக்கிறதும் நடக்கும். அச்சுக்குப் போக முதல் கடைசி மெய்ப்பை அவருக்கு ஒருக்கா அனுப்புங்கோ. முழுசும் வேண்டாம், அந்தப் பாத்திரம் பேசுற பக்கங்கள் காணும்.

பி.டி.எஃப். மெய்ப்பில இருந்து வெட்டி ஒட்டினா கொம்பும் காலும் கண்டபடி இடம் மாறும். பக்க எண், வரி எண் போட்டுத் தனியாத் திருத்தம் எழுதச் சொல்லுங்கோ.

பேர் போடவும் முதல்ல கேளுங்கோ. சொந்தப் பெயரோ, புனைபெயரோ, எந்த எழுத்துக்கூட்டலோ. சிலருக்கு வேலையிடத்தில தெரியக்கூடாது. சிலருக்குப் புத்தகமே பிடிச்சிருக்காது, அதையும் வாய்விட்டுச் சொல்லமாட்டினம்.

பத்தாம்பிரதி:
அடுத்த நாவலுக்குத் தாராளமாகக் கேளுங்கள். ஆனால் அவர் கைப்பிரதியை முதலில் வாங்கி வாசித்துக் கொடுத்துவிட்டுக் கேளுங்கள். இப்படி ஒருவர் பிரதியை மற்றவர் வாசிப்பதைச் சொல் கணக்கில் வையுங்கள். "ஆளுக்கு ஓர் அத்தியாயம்" என்றால் ஒருவர் 1,200 சொல் அனுப்புவார், இன்னொருவர் 5,000 சொல்லைத் தலையில் கட்டுவார். ஒரு தவணைக்கு 2,000 சொல், பத்து நாள் என்று வைத்துக்கொண்டால் வேலைக்குப் போகிறவர்களாலும் முடியும்.

அனுப்புமுன் வாணி, நாவி என்ற இணையத் திருத்திகளில் பார்த்துவிடுங்கள், வாணியில் எழுத்துப்பிழையை, நாவியில் ஒற்றை. வட்டார வழக்கில் இரண்டும் தடுமாறும், அங்கே அவை சொல்வதைக் கேட்கவேண்டாம். இந்த வேலையை நண்பர் தலையில் போடாதீர்கள். பத்தியே வெட்டுப்படப் போகிற இடத்தில் அவர் "க்" போட்டுக்கொண்டிருந்தால் யாருக்கு லாபம்?

டாக்ஸில் கருத்திடும் அனுமதி மட்டும் கொடுங்கள். அப்போது அவர் அடிக்கும் எழுத்து பரிந்துரையாகத்தான் நிற்கும், உங்கள் மூலப்பிரதி மாறாது. இருவருக்கும் தனித்தனிப் பிரதி கொடுங்கள். ஒரே பிரதியென்றால் மதுரைக்காரர் எழுதியதைப் பார்த்து டொராண்டோக்காரர் "நானும் அதையேதான் நினைத்தேன்" என்பார். தனித்தனியாக வாசித்தும் இருவரும் ஒரே இடத்தில் இடறினால், அங்கே கோளாறு இருப்பது உறுதி. அவர்கள் சொல்லும் வைத்தியம் வேறு வேறாக இருக்கலாம், அதை முடிவுசெய்வது உங்கள் பாடு.

"எப்படி இருக்கு?" என்று மொட்டையாகக் கேட்டால் "நல்லா இருக்கு" என்றுதான் பதில் வரும். எங்கே வாசிப்பு நின்றது, எங்கே குழப்பம், எங்கே நம்ப முடியவில்லை? இந்த மூன்றையும் கேளுங்கள்.

மறுப்பு எழுதக் கை துறுதுறுக்கும், இரண்டு நாள் பொறுங்கள். 1956இல் அமெரிக்காவின் மில்ஃபோர்டில் தொடங்கிய எழுத்தாளர் பட்டறையின் முறையில், எல்லோரும் பேசி முடிக்கும்வரை எழுதியவர் வாய் திறக்கக்கூடாது. இணையத்தில் அந்தக் கட்டுப்பாட்டை நாமேதான் போட்டுக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று, வரைவைத் திறந்த முகநூல் குழுவில் போட்டுக் கருத்துக் கேட்காதீர்கள். வலைப்பூ, முகநூல் உட்பட எங்கும் வெளிவராத படைப்பு வேண்டும் என்று பல போட்டிகள் விதி வைத்திருக்கின்றன.

மழைக்காகிதம்:
கணக்கு ஒப்படைக்கும் யோசனை பிடித்திருக்கிறது. ஒரு சிக்கல்: கடைசி அத்தியாயத்தை வெட்டச் சொன்னார் ஒருவர், அதுதான் நாவலே என்றார் இன்னொருவர். வெட்டிவிட்டேன். இதை எப்படி எழுத?

பிழைதிருத்தி:
தனித்தனிக் கடிதமாக எழுதுங்கள். வைத்திருக்கச் சொன்னவருக்கு "இன்னொருவர் வெட்டச் சொன்னார், அதனால் வெட்டினேன்" என்று எழுதினால் இருவருக்கும் நடுவில் பஞ்சாயத்து ஆகிவிடும். உங்கள் காரணத்தை உங்கள் பெயரில் சொல்லுங்கள். அந்த அத்தியாயத்தில் அவருக்குப் பிடித்த வரி ஏதாவது முந்தைய அத்தியாயத்துக்கு இடம் மாறியிருந்தால் அது எந்தப் பக்கம் என்று குறித்து அனுப்புங்கள். அப்படி எதுவும் இல்லையென்றால் வெட்டிய அத்தியாயத்தின் கோப்பையே அவரிடம் கொடுத்துவிடுங்கள், அவருக்குப் பிடித்ததுதானே.