புதுப்பிப்பு: டெல்லியில் பழைய ஜிப்சியை விற்ற கதை

2011 மாடல் மாருதி ஜிப்சி ஜீப், உள்தரைத் தகட்டில் துரு, 15 வருடம் முடிய 4 மாதம்தான் பாக்கி, இதை யாரிடம் விற்பது என்று கேட்டிருந்தேன். போன வாரம் வண்டி போய்விட்டது. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கைகொடுத்தது, "டெல்லி தரகரிடம் போகாதீங்க, என்.ஓ.சி. (வேறு மாநிலத்துக்கு மாற்றத் தரும் தடையில்லாச் சான்று) எடுத்து மலைப்பக்கம் கொடுங்க" என்ற யோசனைதான். இங்கே பெட்ரோல் வண்டிக்கு 15 வருடம்தான் ஆயுள் கணக்கு என்பதால் தரகர்கள் பழைய இரும்பு விலையே பேசினார்கள். உத்தராகண்டிலிருந்து வந்தவர் பெயின்டைப் பார்க்கவே இல்லை. டார்ச்சோடு அடியில் படுத்து, ஸ்க்ரூடிரைவரால் சேஸிஸை (வண்டியின் அடிச்சட்டத்தை) இஞ்ச் இஞ்சாகத் தட்டினார். அப்புறம் நாலு சக்கரத்தையும் இயக்கும் ஃபோர் வீல் லீவரைப் போட்டு மண்மேட்டில் ஏற்றினார். 1,60,000-க்கு முடிந்தது.

எதிர்பாராத சிக்கல் ஒன்று. கடன் அடைத்து வருடக்கணக்கில் ஆகியும் ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) வங்கி பெயர் அப்படியே இருந்தது! வங்கிக் கடிதமும் படிவம் 35-ம் கொடுத்து அதை நீக்க மூன்று வாரம் போயிற்று. அதன் பிறகே படிவம் 28-ல் என்.ஓ.சி., கூடவே பென்சிலால் தேய்த்தெடுத்த சேஸிஸ் எண். பெயர் மாற்றத்துக்கு 29, 30. விற்கிற எண்ணம் இருந்தால் முதலில் ஆர்.சி.யைப் புரட்டிப் பாருங்கள்.

ஃபாஸ்டாகை மூடிவிட்டேன். டாஷ்போர்டு பிள்ளையாரைக் கழற்றப் போனேன், வாங்கியவர் "இருக்கட்டும் பாய் சாப்" என்றார். சரி என்று விட்டுவிட்டேன்.