நல் சாதனத்தில் எழுதும்போது பாயிண்டரைச் சரிபார்க்க வேண்டுமா?

சுட்டிப்பித்தன்:
சொந்தமாகக் கெர்னல் (இயங்குதளத்தின் மையக்கரு) எழுதத் தொடங்குபவர்களுக்கான இழையில் பழைய முனையம் அவர்கள் ஒரு தீர்ப்பு வழங்கியிருக்கிறார். "நல், ஜீரோ, ஃபுல் மூன்றும் சேர்ந்து 30 வரி வேலை, நல்லில் எழுதும் ஃபங்ஷன், வந்த எண்ணிக்கையை அப்படியே திருப்பினால் போதும், பஃபரைத் தொடுவது வீண்" என்பது அவர் வாக்கு. இவை மூன்றும் மெய்நிகர் சாதனங்கள்: நல், எழுதுவதையெல்லாம் வீசி எறியும்; ஜீரோ, படித்தால் பூஜ்ஜியங்களைத் தரும்; ஃபுல், எழுதினால் இடமில்லை என்று சொல்லும். பஃபர் என்பது எழுத வேண்டிய தரவு இருக்கும் நினைவகப் பகுதி, பாயிண்டர் அதன் முகவரி. புதியவர்கள் அதை வேதமாக எடுத்துக்கொண்டு நன்றி சொல்லிக்கொண்டிருப்பதால்தான் தனி இழை தொடங்குகிறேன்.

எழுதச் சொல்லிக் கெர்னலிடம் விடுக்கும் ரைட் சிஸ்டம் காலுக்குத் தவறான முகவரியைக் கொடுத்தால் ஈஃபால்ட் (தவறான முகவரி என்ற பிழை) வர வேண்டும். சாதாரணக் கோப்பில் வரும், பைப்பில் வரும், முனையத்தில் வரும். நல்லுக்கு மட்டும் 4096 பைட் எழுதிவிட்டதாகக் கெர்னல் பொய் சொல்லுமா? மேப் ஆகாத, அதாவது எந்த நினைவகமும் ஒதுக்கப்படாத முகவரியிலிருந்து 4096 பைட்டை எவராலும் எடுக்க முடியாது என்னும்போது, எடுத்துவிட்டேன் என்று திருப்புவது வடிவமைப்பு அன்று, சோம்பல்.

பழைய முனையம்:
என் பெயரைச் சொல்லி இழை தொடங்கியதற்கு நன்றி. லினக்ஸ் மூலநிரலில் கேரக்டர் சாதனங்களுக்கான பகுதியில் உள்ள மெம் கோப்பைத் திறந்து பாருங்கள். மேஜர் எண் (சாதனத்தை இயக்கும் டிரைவரைக் குறிப்பது) 1-இன் கீழ் நல்லுக்கு மைனர் எண் (அந்த டிரைவரின் கீழுள்ள சாதனத்தைக் குறிப்பது) 3, ஜீரோவுக்கு 5, ஃபுல்லுக்கு 7. நல்லில் எழுதும் ஃபங்ஷனின் உடலில் இருப்பது ஒரே ஒரு ரிட்டர்ன். அது வந்த எண்ணிக்கையைத் திருப்புகிறது. படிக்கும் ஃபங்ஷன் 0 திருப்புகிறது. உலகம் முழுவதும் சர்வர்கள் இதன் மேல்தான் ஓடிக்கொண்டிருக்கின்றன. அதைச் சோம்பல் என்று அழைக்கும் துணிச்சல் உங்களுக்கு எப்படி வந்தது என்று தெரிந்துகொள்ள ஆவலாக இருக்கிறேன்.

தூக்கி எறியப்போகும் தரவைப் படித்துப் பார்ப்பதால் யாருக்கு என்ன பயன்? குப்பைத் தொட்டியில் போடும் உறைக்குள் கடிதம் இருக்கிறதா என்று பிரித்துப் பார்த்துவிட்டுப் போடுவீர்களா? ஈஃபால்ட் என்பது கெர்னல் அந்த நினைவகத்தைத் தொட முயன்று தோற்றபோது எழும் பிழை. தொடவே இல்லை என்றால் தோல்வியும் இல்லை, பிழையும் இல்லை. யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான போசிக்ஸ் தரநிலையில் ரைட்டுக்கான பிழைப் பட்டியலைப் படித்துவிட்டு வாருங்கள். ஈஃபால்ட் அந்தப் பட்டியலில் இல்லை. தவறான பாயிண்டரைக் கொடுப்பவருக்குத் தரநிலை எந்த உத்தரவாதமும் தரவில்லை.

இளவேனில்:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். இங்கே மெய்நிகர் சாதனம் என்று எதைக் குறிப்பிடுகிறீர்கள்? நல், ஜீரோ போன்ற வன்பொருளற்ற சாதனங்களையா, அல்லது மெய்நிகர் இயந்திரத்துக்குள் தெரியும் விர்ட்டியோ வகைச் சாதனங்களையா? இரண்டுக்கும் பஃபரைக் கையாளும் முறை வேறு என்பதால் முதலில் இதைத் தெளிவுபடுத்திவிட்டுப் பேசினால் நன்றாக இருக்கும்.

வெண்பலகை:
கற்பிப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். மாணவர்கள் பாடத்துக்காக எழுதப்பட்ட எக்ஸ்வி6 என்ற சிறு கெர்னலில்தான் முதல் சாதனத்தைச் சேர்க்கிறார்கள். அதில் சாதன அட்டவணைக்கு 10 இடங்கள்; ஒவ்வோர் இடத்திலும் படிக்க ஒரு ஃபங்ஷன் பாயிண்டர், எழுத ஒரு ஃபங்ஷன் பாயிண்டர், அவ்வளவுதான். ரிஸ்க்-வி செயலிக்கான பதிப்பில் டிரைவருக்கு மைனர் எண்கூடப் போய்ச் சேராது. ஆகவே, நல்லையும் ஜீரோவையும் ஒரே மேஜர் எண்ணின் கீழ் வைக்க நினைக்கும் மாணவர் முதலில் அந்த ஃபங்ஷனின் வடிவத்தையே மாற்ற வேண்டியிருக்கிறது. முகவரி பயனருடையதா கெர்னலுடையதா என்று சொல்லும் கொடியும் முகவரியும் நீளமும் மட்டுமே வரும் இடத்தில், எந்தச் சாதனம் திறக்கப்பட்டது என்று டிரைவருக்கு எப்படித் தெரியும்? எளிமையான வடிவமைப்பு என்பதன் உண்மையான சிக்கல் இதுதான், ஈஃபால்ட் அன்று.

சுட்டிப்பித்தன்:
மைனர் எண் பற்றிப் பிறகு பேசலாம். லினக்ஸைச் சாட்சிக்கு அழைத்தவர் அந்தச் சாட்சியை முழுவதுமாக விசாரிக்கவில்லை. ரைட் கோரிக்கை நல் டிரைவரை அடைவதற்கு முன்பே, கோப்பு முறைமைக்கான பொது அடுக்கு அந்த முகவரி பயனர் எல்லைக்குள் இருக்கிறதா என்று பார்க்கிறது. கெர்னல் பகுதியின் முகவரி ஒன்றைக் கொடுத்து நல்லில் எழுதிப் பாருங்கள், ஈஃபால்ட்தான் வரும். ஆக, லினக்ஸும் சரிபார்க்கிறது. பாதிச் சரிபார்ப்போடு நிறுத்திக்கொள்கிறது. கெர்னல் எல்லைக்குள் இருக்கும் தவறான முகவரிக்குப் பிழை, பயனர் எல்லைக்குள் இருக்கும் தவறான முகவரிக்குப் பாராட்டு என்பது எந்த ஊர் நியாயம்?

போசிக்ஸில் இல்லை என்கிறீர்கள். லினக்ஸின் சொந்தக் கையேட்டில் ரைட்டுக்கான பக்கத்தில், பஃபர் உங்கள் முகவரி வெளிக்கு அப்பால் இருந்தால் ஈஃபால்ட் என்று எழுதியிருக்கிறது. அதில் "நல் நீங்கலாக" என்ற வரி எங்கே இருக்கிறது என்று காட்டுங்கள்.

பழைய முனையம்:
எல்லைச் சரிபார்ப்பு என்பது பாதுகாப்புக்கான பொதுக் காவல்; அது எல்லாச் சாதனங்களுக்கும் நடக்கும், இரண்டு எண்களை ஒப்பிடுவதோடு முடிந்துவிடும். நீங்கள் கேட்பது ஒவ்வொரு பேஜும் (நினைவகத்தின் நிலையான அளவுள்ள துண்டு) உண்மையில் மேப் ஆகியிருக்கிறதா என்ற சோதனை. அதன் விலையைச் சொல்கிறேன், கேளுங்கள். ஒரு புரோகிராம் 1,048,576 பைட்டை நல்லில் எழுதினால், 4096 பைட் பேஜ் கணக்கில் 256 பேஜ்களைத் தொட வேண்டும். அவற்றில் சில ஸ்வாப்புக்குப் போயிருந்தால், வீசி எறிவதற்காகவே வட்டிலிருந்து திரும்பக் கொண்டுவர வேண்டும். அதோடு முடிந்ததா? நீங்கள் சோதித்து முடித்த மறுகணம் அதே புரோகிராமில் இணையாக ஓடும் இன்னொரு திரெட் அந்தப் பேஜை அன்மேப் செய்துவிடலாம். அப்போது நீங்கள் சொன்ன "எல்லாம் சரி" என்ற பதிலும் பொய்தானே? தரவைப் பிரதி எடுக்காமல் செய்யும் எந்தச் சோதனையும் சோதனை முடிந்த அந்த நொடியிலேயே காலாவதியாகிவிடுகிறது.

தவறான பாயிண்டரைக் கண்டுபிடிக்க வேண்டும் என்றால் வால்கிரைண்ட் என்ற பிழைதேடும் கருவியில் ஓட்டுங்கள். அது சிஸ்டம் காலுக்குப் போகும் பஃபரைத் தானே சோதித்து, எந்த வரியில் தவறு என்றும் சொல்லும். கெர்னல் உங்களுடைய பிழைதிருத்தி அன்று.

கையேட்டுப் பக்கத்தைப் பற்றி: சில நாட்கள் சி படித்துவிட்டு வருபவர்கள் கையேட்டையே ஒப்பந்தம் என்று நினைப்பது எனக்குப் பழகிப்போன காட்சிதான்.

மைனர் ஏழு:
ஃபுல் சாதனத்தை யாரும் பேசாதது வருத்தமளிக்கிறது. அதில் எழுதினால் இடமில்லை என்ற பிழை வரும், படித்தால் பூஜ்ஜியங்கள் வரும். பிரிண்ட்எஃப் மட்டும் வைத்து எழுதிய முதல் புரோகிராமின் வெளியீட்டை அதற்குத் திருப்பிவிட்டுப் பாருங்கள். பஃபரில் கிடந்த எழுத்துகள் வெளியேறும் தருணத்தில்தான் எழுதப்படும், தோற்கும், ஆனால் புரோகிராம் வெற்றி என்று 0 திருப்பிவிட்டுப் போய்ச் சேரும். இங்கே பாயிண்டருக்காக வாளேந்தி நிற்பவர்களில் எத்தனை பேர் கோப்பை மூடும் எஃப்குளோஸ் திருப்பும் மதிப்பைப் பார்க்கிறார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

தனிக்கரு:
இந்த விவாதம் முழுவதுமே தவறான இடத்தில் நடக்கிறது. நல், ஜீரோ போன்றவை கெர்னலுக்குள் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. பிளான் 9 இயங்குதளம் காட்டிய வழியில், சாதனம் என்பது ஒரு நெறிமுறைக்குப் பதில் சொல்லும் கோப்புச் சேவை. பயனர் வெளியில் ஒரு சிறு சேவையகம் நல்லை வழங்கினால், தரவை அதற்கு அனுப்பியே ஆக வேண்டும்; அனுப்பும்போது பிரதி எடுக்கப்படும்; பிரதி எடுக்கும்போது தவறான முகவரி தானாகப் பிடிபடும். ஈஃபால்ட் கேள்வியே எழாது.

பழைய முனையம்:
தனிக்கரு அவர்கள் எந்த இழையில் நுழைந்தாலும், சேவைகளைக் கெர்னலுக்கு வெளியே தள்ளும் மைக்ரோகெர்னலைக் கையோடு கொண்டுவருவது வழக்கமாகிவிட்டது. நீங்கள் புகழும் பிளான் 9-இலேயே நல்லும் ஜீரோவும் கெர்னலுக்குள், கன்சோல் டிரைவரோடு சேர்ந்துதான் இருக்கின்றன. மேற்கோள் காட்டும் அமைப்பின் நிரலை ஒரு முறையாவது திறந்துவிட்டுப் பேசுங்கள். எதையும் சேமிக்காத ஒரு சாதனத்துக்காக இரண்டு முறை சூழல் மாற்றம் (ஒரு புரோசஸிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுதல்) செய்து, தரவைப் பிரதி எடுத்து, அதை இன்னொரு புரோசஸ் வாங்கிக் கீழே போடும் அமைப்பை எளிமை என்று சொல்வதற்குத் தனித் திறமை வேண்டும்.

வெண்பலகை அவர்களுக்கு: மைனர் எண் இல்லையென்றால் அட்டவணையில் மூன்று இடம் எடுத்துக்கொள்ளுங்கள். பத்தில் மூன்று போனால் உலகம் அழிந்துவிடாது. மாணவர்களுக்கு முதலில் அதைச் சொல்லிக்கொடுங்கள்.

சுட்டிப்பித்தன்:
என் கேள்வியைச் சுற்றி எல்லா இடத்துக்கும் போய்விட்டுப் பதில் மட்டும் சொல்லாமல் திரும்பியிருக்கிறீர்கள். இதோ ஒரு நடைமுறை உதாரணம். ஒரு பெரிய கோப்பை எம்மேப் செய்து (அதாவது நினைவக முகவரிகளில் பொருத்தி), அந்தப் பகுதியை அப்படியே நல்லில் எழுதுங்கள். நல் பஃபரைத் தொடாததால் ஒரு பேஜ் ஃபால்ட்டும் (நினைவகத்தில் இல்லாத பேஜைக் கொண்டுவரச் சொல்லும் குறுக்கீடு) எழாது. அந்த ரைட்டுக்காக வட்டிலிருந்து எதுவும் படிக்கப்படாது. ஆனால் ரைட் முழு நீளத்தையும் திருப்பும். வட்டின் வேகத்தை அளப்பதாக நினைத்து இப்படிச் செய்தவருக்கு, எந்த வட்டாலும் எட்ட முடியாத ஒரு வேகம் கிடைக்கும். கோப்பில் படிக்க முடியாத செக்டர் இருந்தால் அதுவும் தெரியாது. பாயிண்டரைத் தொட்டிருந்தால் இந்தக் கூத்து நடந்திருக்குமா?

பழைய முனையம்:
நடந்திருக்காது, ஆனால் நடக்கக் கூடாது என்று யார் சொன்னது? ஜிஎன்யூ டார் என்ற காப்பகக் கருவி, காப்பகக் கோப்பு நல் சாதனம் என்று கண்டால் கோப்புகளைப் படிக்கும் வேலையை முடிந்தவரை தானே குறைத்துக்கொள்கிறது. காப்பு எடுக்கும் மென்பொருள்கள் மொத்த அளவை விரைவாகக் கணிக்க அதைப் பயன்படுத்துகின்றன. நல்லுக்குப் போவது வேலை செய்யாமல் முடிய வேண்டும் என்பதுதான் எல்லோருடைய எதிர்பார்ப்பும். வட்டின் வேகத்தை அளக்க நல்லைப் பயன்படுத்தியவர் திருத்த வேண்டியது தன் அளவீட்டை, என் டிரைவரை அன்று.

உண்மையில் கவனம் தேவைப்படுவது ஜீரோ சாதனம். அங்கே பயனர் பஃபரைத் தொட்டே ஆக வேண்டும். பாதியில் பேஜ் இல்லை என்றால் அதுவரை நிரப்பிய அளவைத் திருப்ப வேண்டும், ஒன்றும் நிரப்பவில்லை என்றால் மட்டுமே ஈஃபால்ட். ஒரே ரீட் அழைப்பில் ஏறத்தாழ 2 ஜிபி கேட்பவரும் உண்டு. இடையிடையே சிக்னல் வந்திருக்கிறதா என்று பார்க்காவிட்டால், நிரப்பி முடியும் வரை அந்தப் புரோசஸைக் கொல்லவும் முடியாது. அதை எம்மேப் செய்தால் என்ன நடக்கும் என்பது தனிக் கதை: பிரைவேட் மேப் என்றால் பெயரற்ற நினைவகம், ஷேர்டு மேப் என்றால் பகிர்வு நினைவகக் கோப்பு. இவற்றில் ஒன்றையாவது எழுதிப் பார்த்திருந்தால் நல்லைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்க மாட்டீர்கள்.

வெண்பலகை:
அப்படியானால் 30 வரி என்ற கணக்கு என்ன ஆயிற்று? ஜீரோவுக்கு மட்டும் நீங்கள் இப்போது அடுக்கியதே அதைத் தாண்டிவிடும் போலிருக்கிறதே. மாணவர்களுக்கு எதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று எனக்கு அறிவுரை கூறுவதற்கு முன் உங்கள் கணக்கைச் சரிசெய்துகொள்ளுங்கள்.

பழைய முனையம்:
30 வரி என்றது எம்மேப் இல்லாத, கற்றுக்கொள்வதற்கான கெர்னலுக்கு. அந்த இழையைப் படித்தவர்களுக்கு அது தெரியும். முன்பு ஒரு முறை நான் அனுப்பிய சாதன அட்டவணைத் திருத்தத்தை, வரி அதிகம் என்று சொல்லி மறுத்த அதே வெண்பலகை அவர்கள் இன்று வரி குறைவு என்று குறை சொல்வதையும் எல்லோரும் கவனித்துக்கொள்ளட்டும்.

வெண்பலகை:
அந்தத் திருத்தம் மறுக்கப்பட்டது வரி அதிகம் என்பதால் அன்று; எல்லை மீறிய மேஜர் எண்ணைச் சரிபார்க்காமல் அட்டவணையில் நுழைந்ததால். எதையும் சரிபார்க்க மறுப்பது உங்களுக்குப் புதிதல்லவே.

சுட்டிப்பித்தன்:
மிகச் சரியாகச் சொன்னீர்கள். இப்போதும் கேட்கிறேன்: மேப் ஆகாத பாயிண்டர், நீளம் 4096, சாதனம் நல். ஈஃபால்ட் வர வேண்டுமா, வேண்டாமா? சூழல் மாற்றமும் டாரும் வேண்டாம், ஒற்றை வரியில் பதில் போதும்.

பழைய முனையம்:
வேண்டாம் என்று முதல் பதிவிலேயே சொல்லிவிட்டேன். படிக்காதது என் குற்றமன்று. பதிலுக்கு நான் ஒன்று கேட்கிறேன். அதே தவறான பாயிண்டர், அதே நல், ஆனால் நீளம் 0. தொடுவதற்கு ஒரு பைட்டும் இல்லாத அந்த அழைப்புக்கு உங்கள் கெர்னல் என்ன திருப்பும்? சாதாரணக் கோப்பு அல்லாதவற்றுக்கு இதன் விளைவைப் போசிக்ஸ் வரையறுக்கவே இல்லை என்பதையும் சேர்த்துப் படித்துவிட்டுப் பதில் எழுதுங்கள்.

சுட்டிப்பித்தன்:
நீளம் 0 பற்றி இங்கே யார் பேசினார்கள்? 4096-க்குப் பதில் சொல்லுங்கள்.