ஸ்பிட்ஃபயர் 1/72: டீக்கல் ஓரம் வெள்ளியா மின்னுது

கேள்வி (இறக்கை72):
ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தோட 1/72 அளவு மாடல், மார்க் 1 வகை, 1940 கடைசி நிறங்கள். மேலே டார்க் எர்த், டார்க் கிரீன், அடியில் ஸ்கை நிறம். மேட் (பளபளப்பில்லாத) அக்ரிலிக் பெயின்ட் மேலேயே டீக்கல் (தண்ணியில் நனைச்சு ஒட்டுற சின்னப் படம்) ஒட்டியாச்சு. வட்டச் சின்னத்தைச் சுத்தி சாம்பல் பூத்த மாதிரி தெரியுது. பிய்க்காம சரிபண்ண முடியுமா?

கரடுதாள்:
முடியும். மேட் பெயின்ட் சொரசொரப்பு. குழிகளில் சிக்கின காற்றுதான் மின்னுது. மெல்லிய ஊசியால் அந்த இடத்தில் மட்டும் நாலஞ்சு குத்து, மேலே மைக்ரோ சால் (டீக்கலை இளக்கிப் படிய வைக்கிற திரவம்) ஒரு தடவு. டீக்கல் சுருங்கும், பதறி விரல் வைக்காதீங்க. அப்போ தொட்டா கிழிஞ்சிடும். காயும்போது தானா படியும். மறுநாளும் மின்னினா இன்னொரு தடவை.

மெல்லியகோட்:
மாடலோட அடுத்த பக்கத்துக்கு டீக்கல் ஒட்டுறதுக்கு முதல்லயே கிளாஸ் (gloss, பளபளப்பு) வார்னிஷ் ரெண்டு மெல்லிய கோட், ஒரு நாள் காயட்டும். டீக்கல் ஒட்ட உதவுற மைக்ரோ செட் திரவம் அடியில், சால் மேலே, மாத்திடாதீங்க. பேனல் கோட்டு வாஷையும் (தகடு இணைப்புக் கோடுகளில் விடுற நீர்த்த பெயின்ட்) கிளாஸ் மேலயே முடிச்சிடுங்க, மேட்ல கறை பரவும். கடைசியா மேட் வார்னிஷ்.

கரடுதாள்:
இறக்கை மேல்புறச் சின்னம் சிவப்பு-நீலம் மட்டும்தான், வெள்ளை வளையம் அடிப்புறத்துக்கு. டீக்கல் தாள்ல ரெண்டும் பக்கத்துல பக்கத்துல இருக்கும், கவனம். கேனப்பிக்கு (விமானி அறைக் கண்ணாடி மூடி) சூப்பர் க்ளூ வேண்டவே வேண்டாம், ஆவி பட்டு கண்ணாடி வெளுக்கும். பிவிஏ (வெள்ளைப் பசை) போதும்.