நர்சிங் முடித்ததும் ஜெர்மனி: முகவர் கேட்கும் பணத்தைக் கட்டலாமா?

கேள்வி (பென்னாகரம் மாணவி):
தருமபுரியில் பி.எஸ்சி. நர்சிங் இறுதியாண்டு படிக்கிறேன். மூன்று லட்சம் ரூபாய் கட்டினால் ஆறே மாதத்தில் ஜெர்மனிக்கு அனுப்பிவிடுவதாக ஒரு முகவர் சொன்னதை நம்பி, அப்பா புளியந்தோப்பை அடகு வைக்கவும் துணிந்துவிட்டார். மொழி தெரியாமலே அங்கே வேலை கிடைக்குமா?

பதில் (காவேரிப்பட்டினம், தற்போது ஜெர்மனி):
தோப்பில் கைவைக்க வேண்டாம், தங்கையே. பதிவுபெற்ற முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணமே 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான், அவருடைய பதிவெண்ணை இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைகிரேட் இணையதளத்தில் முதலில் சரிபாருங்கள். முழுத் தகுதியுள்ள செவிலியராக அங்கீகரிக்கப்படுவதற்குப் பொதுவாக பி2 நிலை (ஓரளவு சரளமாகப் பேசும் அளவு) ஜெர்மன் வேண்டும், அதை ஆறு மாதத்தில் எட்டுவது எளிதன்று. பி2 சான்றிதழோடு வந்த நானே, முதல் நாள் ஒரு பாட்டி தம் வட்டார வழக்கில் வலிக்கும் இடத்தைச் சொன்னபோது, மூன்று முறை கேட்டும் விளங்காமல், கடைசியில் அவர் என் கையைப் பிடித்துத் தம் இடுப்பில் வைத்த பிறகுதான் புரிந்துகொண்டேன்.

பதில் (ஓசூர்):
ஆங்கிலம் கைகொடுக்குமென்றால் இங்கிலாந்தையும் பாருங்கள். ஐ.இ.எல்.டி.எஸ். எனும் ஆங்கிலத் தேர்வில் எழுதுதலுக்கு 6.5, கேட்டல், வாசித்தல், பேசுதல் மூன்றுக்கும் 7 வேண்டும். எழுதுதலில்தான் நம்மவர்கள் சறுக்குகிறார்கள். இந்தத் தேர்வுக்குப் பதிலாக, மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓ.இ.டி. எழுதலாம். கணினியில் எழுதும் செவிலியர் தேர்வும் ஆஸ்கி எனும் செய்முறைத் தேர்வும் தனி.

பதில் (கிருஷ்ணகிரி):
1978இல் தொடங்கிய தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் செவிலியர்களை அனுப்புகிறது. முகவரிடம் முன்பணம் கொடுப்பதற்கு முன் அங்கே விசாரித்துவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
பதிவெண் கேட்டேன், முகவர் அதன்பின் தொலைபேசியை எடுக்கவே இல்லை.