மீனாட்சிபுரம் வீடு (குடும்பக் குழு): எந்தப் படத்தை அனுப்புவது

இரவு 7:40

மணி சித்தப்பா: எல்லோருக்கும் வணக்கம். புகைப்படப் போட்டிக்கு இன்று ராத்திரி 12 மணிதான் கடைசி. தலைப்பு தண்ணீர். ஒருவர் ஒரு படம்தான் அனுப்ப முடியும். மூன்று படம் போடுகிறேன், 1, 2, 3 என்று நம்பர் மட்டும் சொல்லுங்கள், வேறு பேச்சு வேண்டாம். வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும் என்பதால் டாக்குமெண்டாக அனுப்புகிறேன். டவுன்லோட் செய்து பார்க்கவும். பார்க்காமலே சூப்பர் என்று போடக்கூடாது.

சென்னை மாமா: சூப்பர் மச்சான்

கார்த்தி: இன்னும் படமே வரவில்லை மாமா

மணி சித்தப்பா: 1. கூந்தன்குளத்தில் கூழைக்கடா குஞ்சுக்கு மீன் ஊட்டுவது. 2. 2023 டிசம்பர் வெள்ளத்தில் குறுக்குத்துறை முருகன் கோயில். 3. வெள்ளம் வடிந்த பிறகு நம் வீட்டு முற்றம்.

சென்னை மாமா: நாரை அருமை. 1

கார்த்தி: அது நாரை இல்லை மாமா, கூழைக்கடா

மலர்: 1 நன்றாக இருக்கிறது சித்தப்பா. குஞ்சு தலையை முழுசாக அம்மா தொண்டைக்குள் விட்டிருக்கிறது, எப்படி மூச்சு விடும்

சுதா மதினி: சிலிண்டர் புக் செய்தது யார்? ஓடிபி எனக்கு வந்திருக்கிறது

கார்த்தி: சித்தப்பா, விதிகளைப் படித்தீர்களா? கூட்டில் இருக்கும் பறவைப் படம் கிடையாது என்று போட்டிருக்கிறது. 1 அனுப்பினால் பார்க்காமலே தள்ளிவிடுவார்கள்.

மணி சித்தப்பா: தெரியும்லே. பறவையைத் தொந்தரவு செய்யக்கூடாது என்பதற்காக இங்கே நிறைய போட்டிகளில் அந்த விதி உண்டு. ஆனால் கூந்தன்குளம் வேறு, அங்கே ஊருக்குள் வீட்டு வாசல் மரத்திலேயே கூடு கட்டும், ஊர்க்காரர்கள் தீபாவளிக்கு வெடிகூட வெடிப்பதில்லை, நான் ஒரு திண்ணையில் உட்கார்ந்து அவர்கள் கொடுத்த காப்பியைக் குடித்துக்கொண்டே எடுத்தேன், இதில் எங்கே தொந்தரவு? அந்தப் பறவை என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கார்த்தி: அதை நடுவரிடம் யார் சொல்வது

மணி சித்தப்பா: சரி, 1 இல்லை.

சென்னை மாமா: அப்படியானால் 2. அந்த வெள்ளத்தில்தான் நான் செந்தூர் எக்ஸ்பிரஸில் ஸ்ரீவைகுண்டத்தில் மாட்டினேன்

மலர்: மாமா தொடங்கிவிட்டார்கள்

சென்னை மாமா: இரண்டு நாள் ஸ்டேஷனை விட்டு நகர முடியவில்லை. புதுக்குடிக்காரர்கள் மட்டும் சோறு கொண்டுவரவில்லை என்றால் இன்றைக்கு இந்த குரூப்பில் நான் இல்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை, சும்மாவா

கார்த்தி: 2 வேண்டாம் என்பது என் கருத்து. கோயில் உச்சி மட்டும் தெரிய, சுற்றிலும் செம்மண் நிறத்தில் ஆறு. அன்றைக்கு அந்தப் பக்கம் போன ஆயிரம் பேரும் எடுத்த படம். சித்தப்பா எடுத்தது என்று அதில் என்ன இருக்கிறது?

மணி சித்தப்பா: நான் உயிரைக் கொடுத்து எடுத்தேன்

சுதா மதினி: நீங்கள் குடை பிடித்து எடுத்தீர்கள் மாமா, நான்தான் பக்கத்தில் நின்றேன்

மலர்: எனக்கு 3. பெரிசாக்கிப் பார்த்தேன். துணிக் கொடியில் கிளிப் போட்டு வரிசையாக ஃபோட்டோ தொங்குகிறது, பின்னால் சுவரில் இடுப்பு உயரத்துக்குச் சேற்றுக் கோடு, ஆச்சி முதுகைக் காட்டிக்கொண்டு இன்னொரு படத்தைக் குண்டானில் அலசுகிறாள். தண்ணீர் என்ற தலைப்புக்கு இதை விட என்ன வேண்டும்

கார்த்தி: 3தான். ஆனால் ஓரத்தில் பனியனும் பட்டாப்பட்டியும் தொங்குகிறதே. ஏஐயில் போட்டால் ஒரு நிமிடத்தில் எடுத்துவிடலாம்

மணி சித்தப்பா: கூடவே கூடாது. எதையும் சேர்க்கவோ நீக்கவோ கூடாது, ஜெயித்தால் ராவ் ஃபைல், அதாவது கேமராவில் பதிந்த அசல் ஃபைல், கேட்பார்கள். ஓரத்தை வெட்டலாம், அது அனுமதி உண்டு. ஆனால் வெட்டினால் ஆச்சியின் கையும் போகும்.

சென்னை மாமா: பட்டாப்பட்டி யாருடையது?

சுதா மதினி: அதை இங்கே கேட்கக்கூடாது

மணி சித்தப்பா: ஒரு விஷயம், வருங்காலத்துக்குச் சொல்கிறேன். ஃபோட்டோ நனைந்தால் வெயிலில் போடாதீர்கள், ஒன்றோடு ஒன்று ஒட்டிக் காய்ந்துவிட்டால் அப்புறம் பிரிக்கவே முடியாது. ஈரமாக இருக்கும்போதே பிரித்து, நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் தொங்கவிட வேண்டும். கலர் பிரிண்டில் நீலப்பச்சை மேல் அடுக்கு, அதுதான் முதலில் கரையும், மஞ்சள் அடியில் இருப்பதால் கடைசி வரை நிற்கும். அதனால்தான் படத்தில் எல்லோரும் மஞ்சளும் சிவப்புமாகக் கரைந்து நிற்கிறார்கள்.

பார்வதி அத்தை: அண்ணே. இடமிருந்து மூன்றாவது படம்.

மலர்: அத்தை வந்துவிட்டார்கள்

பார்வதி அத்தை: அந்த அரக்குப் பட்டு என்னுடையது.

சென்னை மாமா: எந்தப் பட்டு?

பார்வதி அத்தை: கல்யாணப் பட்டு. 1998. இது என் கல்யாண ஆல்பம். நாகர்கோவில் பஸ்ஸில் சீட்டுக்கு மேலே வைத்து மறந்து இறங்கிவிட்டேன் என்றாய். நான் மூன்று முறை டெப்போவில் போய்க் கேட்டேன்.

கார்த்தி: ஐயோ

சுதா மதினி: ஆச்சி பேசுகிறேன் என்கிறார்கள், வாய்ஸ் போடுகிறேன்

சுதா மதினி: [குரல் செய்தி 0:38]

மலர்: கேட்க முடியாதவர்களுக்கு: "பார்வதி கல்யாணப் படம்தான்டி, பீரோ அடித்தட்டில் பழைய வேட்டியில் சுற்றி இருந்தது, தண்ணியில ஊறிப் போச்சு, நான்தான் ஒவ்வொன்றாகப் பிரித்துப் போட்டேன், அவளுக்குத்தான் எப்பவோ ஒரு செட் கொடுத்தாச்சே" என்கிறாள். இடையில் யாரையோ கேட்டைச் சாத்தச் சொல்கிறாள்.

பார்வதி அத்தை: எனக்கு யாரும் எந்த செட்டும் கொடுக்கவில்லை.

சென்னை மாமா: மச்சான்?

கார்த்தி: அரை மணி நேரமாக டைப்பிங் என்றே காட்டுகிறது

சுதா மதினி: மணி மாமா மொட்டை மாடியில் உட்கார்ந்திருக்கிறார்கள், சாப்பிடக் கூப்பிட்டால் வரவில்லை

இரவு 10:05

மணி சித்தப்பா: பார்வதி, ஸ்டுடியோக்காரருக்கு எதற்கு வெட்டியாகப் பணம், நானே எடுக்கிறேன் என்று அப்பாவிடம் சொல்லி அவரை வேண்டாம் என்றது நான்தான். முகூர்த்த நேரத்தில் ரோல் மாற்றினேன். அவசரத்தில் ஃபிலிமின் நுனி சக்கரத்தில் சரியாக மாட்டவில்லை. கேமரா ஒன்றும் சொல்லாது, எண் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். ரோலில் இருக்கும் 36 படத்தைத் தாண்டி 37, 38, 40 என்று போனபோதுதான் வயிற்றைக் கலக்கியது. திறந்து பார்த்தால் ஃபிலிம் உள்ளே அப்படியே இருக்கிறது. தாலி கட்டியது, மெட்டி போட்டது, அப்பா தாரை வார்த்தது, எதுவுமே இல்லை. ஆல்பத்தில் மாலை மாற்றியதற்கு அடுத்த பக்கம் பந்தி. இதைக் கொண்டுவந்து உன் கையில் எப்படிக் கொடுப்பேன்? பஸ் கதையைச் சொன்னேன். அப்புறம் வருடம் போகப் போகச் சொல்ல முடியவில்லை.

சென்னை மாமா: நானும் நினைத்தேன், நாற்பதாவது படத்துக்கு அப்புறமும் ஏன் இவன் ஒவ்வொருவரையும் நிற்கச் சொல்லி மிரட்டுகிறான் என்று

மலர்: மாமா இப்போது வேண்டாம்

பார்வதி அத்தை: தாலி கட்டிய படம் இல்லாவிட்டால் போகிறது. அவர் போய் 6 வருடம் ஆகிறது. சுவரில் மாலை போட்டிருப்பது லைசென்ஸில் இருந்த படத்தைப் பெரிதாக்கியது. அவர் சிரிக்கிற மாதிரி ஒரு படம் என்னிடம் இல்லை. பந்தியில் இலைக்கு முன்னால் உட்கார்ந்து சிரித்தாரே, அது இருக்கிறதா, அதுவும் கரைந்துவிட்டதா?

சுதா மதினி: மாமா கீழே வந்து பீரோவைத் திறக்கிறார்கள்

சுதா மதினி: இருக்கிறது. கீழ்ப்பாதி சிவந்துவிட்டது. முகம் நன்றாக இருக்கிறது. சிரிக்கிறார்கள், மூக்கில் சாம்பார் மாதிரி ஏதோ

பார்வதி அத்தை: சாம்பார்தான்.

இரவு 11:20

கார்த்தி: தப்பாக நினைக்கக்கூடாது, போட்டி என்ன ஆச்சு? 40 நிமிடம்தான் இருக்கிறது

மணி சித்தப்பா: அனுப்பவில்லை. எனக்கு மனசில்லை.

மலர்: அத்தை சொல்லட்டும். முகம் தெரிகிறவர்களின் சம்மதமும் கேட்பார்கள்

பார்வதி அத்தை: என் முகம்தான் கரைந்துவிட்டதே, எதற்குச் சம்மதம். அம்மா கை நன்றாக விழுந்திருக்கிறது. பட்டாப்பட்டி இருந்தால் இருக்கட்டும், வெட்டாதே. ஆனால் கீழே குறிப்பு எழுதச் சொன்னால் பஸ்ஸில் தொலைந்தது என்று எழுதாதே.

கார்த்தி: அப்படியானால் 3 போகலாமா? சித்தப்பா? பாஸ்வேர்டு என்னிடம் இருக்கிறது, நான் ஏற்றட்டுமா?

கார்த்தி: சித்தப்பா?

சுதா மதினி: சாப்பிடுகிறார்கள்

பார்வதி அத்தை: நாளைக்கு முதல் பஸ்ஸுக்கு வா. எல்லாவற்றையும் நோட்டுப் புத்தகத் தாள்களுக்கு நடுவில் வைத்து எடுத்து வா, பாலிதீன் பையில் போடாதே, புழுங்கிவிடும். சீட்டுக்கு மேலே வைக்காதே, மடியில் வை.

மணி சித்தப்பா: சரி

மலர்: இந்தச் சரி பஸ்ஸுக்கா போட்டிக்கா?

காலை 6:10

சென்னை மாமா: இனிய காலை வணக்கம். நாரைதானே போனது?

சுதா மதினி: மாமா 5:40 பஸ்ஸில் கிளம்பிவிட்டார்கள். சிலிண்டர் யார் புக் செய்தது என்று இன்னும் யாரும் சொல்லவில்லை

கார்த்தி: அது நாரை இல்லை மாமா